செஞ்சியிலிருந்து போன தூண்கள்

புதுச்சேரியில் ஓர் உணவகச் சுவரில் நான் எடுத்த புகைப்படம் தொங்கியது. செஞ்சிக் கோட்டை வெங்கடரமணர் கோயில் வாசலில் இருக்கும் பாற்கடல் கடையும் சிற்பம். மூலையில் இருந்த என் பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள். "நெட்ல கிடைச்சது சார்" என்றார் கல்லாவில் இருந்தவர், ரொம்ப சாதாரணமாக.

மென்பொருள்காரனுக்கு இந்த விஷயத்தில் ரோஷம் கொஞ்சம் அதிகம். எம்.ஐ.டி. உரிமம் என்று ஒன்று உண்டு. நிரலை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவன் பெயர் இருக்கும் வரியை அழிக்கக் கூடாது, அவ்வளவுதான். சட்டமும் என் பக்கம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையையே விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையைப் படைத்தவனிடம் விட்டுவைக்கிறது.

அந்தக் கோபத்தோடு கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன அல்லவா, அவை செஞ்சித் தூண்கள். 1750-இல் புஸ்ஸியின் படை கோட்டையைப் பிடித்தது. 1761-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் நான் படமெடுத்த அதே கோயிலிலிருந்து தூண்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள் என்பது செஞ்சி வரலாறு. பின்னாளில் அவற்றின் நடுவே துப்ளேயை நிறுத்தினார்கள். துப்ளே இடம் மாறினார், காந்தி வந்தார். தூண்கள் மட்டும் ஊர் திரும்பவில்லை.

அடுத்தவர் செய்ததை எடுத்து, வேறிடத்தில் வைத்து, அர்த்தத்தை மாற்றுவதைத்தான் இன்றைய கலையுலகம் 'அப்ரோப்ரியேஷன்' என்கிறது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்திலிருந்து ஆண்டி வார்ஹால் செய்த ஓவிய வழக்கில், புது அர்த்தம் மட்டும் போதாது, நோக்கம் என்ன என்று பார்க்க வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம் (2023). இரண்டுமே பத்திரிகையில் பிரின்ஸைக் காட்டும் படங்கள்தான் என்பதால் வார்ஹால் தரப்பு தோற்றது. அந்த அளவுகோலில் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள்! மண்டபம் தாங்கிய தூண் வெற்றிச் சின்னமாகிவிட்டதே. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது நகலைப் பற்றி. கல்லையே தூக்கிக்கொண்டு போனால்?

நம் ஊரில் அதற்குக் கிட்டத்தில் வருவது அமர்நாத் சேகல் வழக்கு. டெல்லி விஞ்ஞான் பவனுக்கு அவர் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அரசு கழற்றியது, அது சிதைந்தது. மிச்சத்தை அவரிடமே ஒப்படைத்து 5 லட்சம் இழப்பீடும் தரச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம், 2005-இல், அதே 57-ஆம் பிரிவை வைத்து. சேகலுக்குப் பெயர் இருந்தது, ஆயுளும் இருந்தது. செஞ்சித் தூண்களைச் செதுக்கியவர் பெயரில் யார் மனு போடுவது?

திரும்பி வந்து உணவகக்காரரிடம் பேசினேன். நல்ல மனிதர்தான்; "பேரை அனுப்புங்க சார், ஒட்டிடறேன்" என்றார். அனுப்பினேன். அடுத்த முறை போனபோது படத்துக்குக் கீழே என் பெயர் பளிச்சென்று இருந்தது. எந்தக் கோயில், எந்த ஊர் என்று எதுவுமில்லை. அனுப்பியதைத் தேடிப் பார்த்தேன். நான் எழுதவே இல்லை.