நேவார் மக்களின் திருமேனிகளும் பொருட்காட்சிச் சாலைகளும்

இமயத்தின் தென்பால் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலே நெடுங்காலமாக வாழ்ந்து வருபவர் நேவார் என்னும் மக்களாவர். அவருட் சிலர் புத்த மதத்தினர். சிலர் சிவனையும் விட்டுணுவையும் வழிபடுவோர். ஆயினும் விகாரையும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் அந்நகரங்களில், ஒரு சாரார் தெய்வத்தை மற்றைச் சாராரும் வணங்குதல் வழக்கமாம்.

கம்மியன் செய்து முடித்த அளவிலே ஓர் உருவம் வழிபாட்டிற்கு உரியதாகாது என்பது அவர் கொள்கை. புத்த நேவாருள் வச்சிராசாரியர் எனப்படும் குருமார், மக்கட்குப் பிறப்பு முதலாகச் செய்யும் பத்துச் சடங்குகளையும் அவ்வுருவத்திற்குச் செய்து தெய்வத்தை எழுந்தருளுவிப்பர். திருமேனியைப் பழுதுபார்க்க நேரின், முதற்கண் தெய்வத்தைக் கலசத்திலே நிலைபெறச் செய்து, பணி முடிந்தபின் மீட்டும் திருமேனியிற் சேர்ப்பர். கலாகருடணமும் பாலாலயமும் அறிந்த சைவர்க்கு இதன் கருத்து விரிக்க வேண்டுவதின்று.

கள்வர் பெயர்த்துச் சென்ற திருமேனிகளுக்கோ இக்கலசச் சடங்கு நிகழ்ந்ததில்லை. ஆகவே, பிறநாட்டார் கண்ணாடிப் பேழையுள் வைத்துச் சிற்பமென்று பெயர் எழுதியவை, இம்மரபின்படி நோக்குமிடத்துத் தெய்வம் நீங்காத திருமேனிகளேயாம்.

நேபாளத்தில் 1956-இலேயே பழம்பொருட் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இருந்தும் களவு நின்றபாடில்லை. லயின் சிங் வாங்தேல் என்னும் அறிஞர், களவுபோன திருமேனிகளின் நிழற்படங்களைத் தொகுத்து 1989-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

பாடன் நகரத்துப் பாட்கோ வீதியில் இலக்குமி நாராயணர் திருவுருவம் ஒன்று இருந்தது. வலப்பால் திருமாலும் இடப்பால் திருமகளும் ஒருடம்பாய் அமைந்தது அது. மாதொருபாகர் கோலத்தைச் சிந்திப்போர்க்கு அதன் பொருள் புலனாகும். 1984-இல் அது களவு போயிற்று. 1990-இல் நியூயார்க்கில் ஏலத்தில் விற்கப்பட்டு, பின் டல்லாஸ் நகரத்துக் காட்சிச்சாலையில் இரவலாக வைக்கப்பட்டது. ஊராரோ அவ்விடத்தே ஒரு பிரதியை வைத்து வழிபாட்டை விடாது நடத்தினர். 2021 மார்ச்சில் மூலத்திருவுருவம் நேபாள அரசினிடம் ஒப்புவிக்கப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அதனைச் சிவிகையில் ஏற்றி வீதிவழியே கொணர்ந்து, தன் கோயிலிலேயே நிறுவினர். இடையே கழிந்தவை 37 ஆண்டுகள்.

மீண்டவை அனைத்தும் இப்பேறு பெற்றில. திருட்டச்சம் காரணமாக, நேபாளத்துக் காட்சிச்சாலைகளிலேயே தங்கியவை பல. காவலின்றி வழிபாட்டிடத்தில் வைப்பின் மீண்டும் களவு போதல் கூடும். காவலின் பொருட்டுப் பூட்டி வைப்பின் பூசை இல்லையாம். காட்மாண்டு இதும்பகா விகாரையினர் இவ்விடர்க்கு வேறொரு வழி கண்டனர். அவ்விகாரைக்குரிய மரச்சிற்பம் ஒன்றை நியூயார்க்கில் அந்நாளில் இயங்கிய ரூபின் காட்சிச்சாலை 2022-இல் திருப்பியளிக்க இசைந்தது. 2023-இல் விகாரைக்குள்ளேயே காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது.

எல்லை கடந்து வந்த அளவில் திருமேனியின் மீட்சி முற்றுப்பெறாது. அதனைப் போற்றும் ஊரார் கையில், நாட்பூசை நிகழும் இடத்தில் அது சேருங்காலே மீட்சி நிறைவுறும். பாடன் நகரத்தார் பிரதியின் முன் ஏற்றிய விளக்கே மூலத்திற்கு உரிய இடத்தைக் காத்து வைத்தது என்க.