புல்லுக்கு எண்ணெய்: இரண்டு தடைகளின் கதை

"சேர், ரவுண்டப் நஞ்சா, மருந்தா?"

தரம் 10 விவசாயப் பாடவேளையில் ஒரு பிள்ளை கேட்டது. அந்தப் பிள்ளையின் வாப்பா கூலிக்கு எண்ணெய் அடிப்பவர். "ஒருநாள் தடை என்டாங்க, பொறகு தடை இல்ல என்டாங்க. எது சேர் சரி?" நாம் வாயைத் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. அடித்ததும் நல்லதுதான். ஒரு பாடவேளைக்குள் முடிகிற பதில் அல்ல அது. ஆகவே இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் அம்பாறைக் கரையோரத்தில் வயலுக்கு அடிக்கும் எல்லாமே 'எண்ணெய்'தான். பூச்சிக்கு எண்ணெய், புல்லுக்கு எண்ணெய். இது புல்லுக்கு எண்ணெயின் கதை.

எண்ணெய் வருவதற்கு முன் புல்லை அடக்கியவை இரண்டு: தண்ணீரும் பெண்களின் கைகளும். நாற்று நட்டால் பயிர் புல்லை முந்திவிடும். உடனே தண்ணீரைக் கட்டி புல்லை மூழ்கடிக்கலாம். எங்கள் பக்கத்திலோ பெரும்பாலும் வீசி விதைப்புத்தான். விதைத்த நெல் முளைக்கும்வரை தண்ணீரை உயர்த்த முடியாது, அந்த இடைவெளியில் புல்லும் கூடவே முளைத்துவிடும். அதைப் பிடுங்கக் கைகள் வேண்டும். போடியார், முல்லைக்காரர், வட்டவிதானை என்று வயலின் ஆண்களுக்கெல்லாம் பட்டப்பெயர் இருக்கிறது. குனிந்து நின்று கோரை பிடுங்கிய உம்மாமாருக்கு ஒரு பெயரும் இல்லை. அவர்கள் நாட்கூலி, அவ்வளவுதான்.

1970களில் பீஜீ இனக் குட்டை நெல்கள் பரவின. விளைச்சல் கூடியது, புல்லும் கூடியது. பழைய நெட்டை நெல் தன் நிழலாலேயே புல்லை ஓரளவு அடக்கும், குட்டை நெல்லுக்கு அந்த நிழல் இல்லை. போட்ட உரத்தில் புல்லும் பங்கு கேட்டது. அந்த நேரத்தில்தான் கைகளும் குறையத் தொடங்கின. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள் (அதற்கு நாம் வருந்த மாட்டோம்), பெண்கள் மத்திய கிழக்குக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். பிறகு யுத்தம். காலையில் போய் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டிய காலத்தில், பத்துப் பெண்கள் ஒரு வாரம் செய்கிற வேலையை ஒரு ஆள் முதுகில் தாங்கியோடு அரை நாளில் முடித்தால் எந்த விவசாயி வேண்டாம் என்பார்?

எம்.சி.பி.ஏ. என்ற மருந்து இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும், நெல்லை விட்டுவிடும். பரகுவாட், அதாவது நம்மவர்கள் சொல்லும் கிரமக்சோன், 1962இல் உலகச் சந்தைக்கு வந்தது. பட்ட பச்சையை எல்லாம் எரித்துவிடும். கிளைபோசேட் 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் வந்தது. அது இலை வழியாக வேர்வரை இறங்கும். நின்ற பயிருக்கு அடித்தால் பயிரும் போய்விடும். அதனால் வயலில் அதன் வேலை விதைப்புக்கு முன்னும் வரம்பிலும்தான். தேயிலை, இறப்பர் தோட்டங்களும் சோளக்காரர்களும்தான் அதை அதிகம் நம்பியிருந்தார்கள். டீவி விவாதங்களில் இந்தச் சின்ன விசயத்தை யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இனி முதலாவது தடை. 1995இல் இலங்கையில் 100,000 பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. பெரும்பாலான வீடுகளில் கதை ஒன்றுதான்: ஒரு கோபம், ஒரு பரீட்சைத் தோல்வி, மூலையில் ஒரு போத்தல். சாகவேண்டும் என்று திட்டமிட்டவர்கள் குறைவு. ஆனால் பரகுவாட் இரண்டாம் யோசனைக்கு இடம் தராது. முறிமருந்து கிடையாது, 100 பேரில் 40க்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மில் பலருக்கு இடாப்பில் திடீரென வெறுமையான ஒரு பெயர் ஞாபகத்தில் இருக்கும். அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பேராதனையில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அதை வைத்து 1995இலும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் நிறுத்தப்பட்டன. 2008இல் பரகுவாட்டின் முறை வந்தது. ஒரே இரவில் அல்ல. முதலில் அதன் செறிவைக் குறைத்தார்கள், பிறகு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தி 2011இல் முடித்தார்கள். விவசாயிக்குப் பழகிக்கொள்ள மூன்று வருடம் கிடைத்தது. பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை, வயல்களும் படுத்துவிடவில்லை. 1995க்கும் 2015க்கும் இடையில் இந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அம்பாறையில் ஒரு பெரிய ஊரையே விடக் கூடிய தொகை இது. இதைச் செய்த அதிகாரிகளில் ஒருவருக்காவது ஊரில் மாலை போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பரகுவாட் போன இடத்தை நிரப்பியதில் பெரிய பங்கு கிளைபோசேட்டுக்கு. இங்கிருந்துதான் இரண்டாவது தடையின் கதை தொடங்குகிறது.

1990களின் நடுவிலிருந்து வடமத்திய மாகாணத்தில் பதவிய, மதவாச்சி, மெதிரிகிரிய பக்கம் ஒரு சிறுநீரக நோய் பரவியது. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, நடுத்தர வயது விவசாயி மெல்ல மெல்ல வற்றிப்போவார். காரணம் தெரியாத நோய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 2014இல் சன்ன ஜயசுமன உள்ளிட்ட மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளைபோசேட்டும் கடின நீரும் பார உலோகங்களும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருதுகோள். கவனியுங்கள், கருதுகோள். நாம் பிள்ளைகளுக்குத் தரம் 6இலேயே கருதுகோளுக்கும் முடிவுக்கும் வித்தியாசம் படிப்பிக்கிறோம். அந்த வித்தியாசம் அரசியல் மேடையில் காணாமல் போனது.

2014 மார்ச்சில் ஒரு தடை அறிவிப்பு வந்து கிடப்பில் போனது. 2015 மார்ச்சில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் கிளைபோசேட்டை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. அத்துரலியே ரத்தன தேரர் போன்றோரின் அழுத்தமும் சேர, 2015 நடுப்பகுதியில் மைத்திரிபால சிறிசேன அரசாங்கம் முழுத் தடை விதித்தது. அடுத்த வருடமே, உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய இன்னொரு நிபுணர் குழு, உணவு வழியாக அதனால் புற்றுநோய் வரும் வாய்ப்பில்லை என்றது. ஒன்று 'ஆபத்தான பொருளா' என்று கேட்டது, மற்றது 'நாம் சாப்பிடும் அளவில் ஆபத்தா' என்று கேட்டது. கேள்வி வேறு, பதிலும் வேறு.

தடைக்கு ஆதரவானவர்களை நாம் முட்டாள்கள் என்று சொல்லமாட்டோம். தன் அண்ணனும் அயலவனும் டயலிசிஸ் வரிசையில் இருக்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் கிளைபோசேட்டை ஆண்டாண்டாக அடித்த மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஏன் அந்த நோய் பரவலாக இல்லை? மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கும் இதுபோன்ற நோய் வருகிறதே, அங்கே வெயிலையும் தாகத்தையும் ஏன் சந்தேகிக்கிறார்கள்? போத்தலைத் தடைசெய்தால் குற்றவாளி அகப்பட்டான் என்ற திருப்தி வந்துவிடுகிறது, கிணற்று நீரைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்த முறை மூன்று வருட அவகாசமும் இல்லை, மாற்றும் இல்லை. கறுப்புச் சந்தையில் விலை ஏறியது. லேபல் இல்லாத போத்தலில் என்ன இருக்கிறது என்று அடிப்பவருக்கே தெரியாது. தேயிலையில் வேறு களைநாசினி அடிக்கப் போய், எம்.சி.பி.ஏ. எச்சம் பற்றி ஜப்பான் முறையிட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. நெல்லுக்குத் தளரவில்லை. தோட்டக் கம்பனிகளின் குரல் கொழும்புக்குக் கேட்கும், வட்டையின் குரல் கேட்காது.

2021 மே மாதம் வந்தது இன்னும் பெரியது. இரசாயன உரமும் விவசாய இரசாயனங்களும் ஒரே வர்த்தமானியில் நின்றன. அந்தப் போகம் எப்படி இருந்தது என்று எங்கள் ஊர் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நவம்பரில் பின்வாங்கினார்கள், 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு அறிவித்தார்கள், ஆகஸ்டில் கிளைபோசேட் தடையும் நீங்கியது. தடை ஏன் வந்தது, ஏன் போனது என்று விவசாயிக்கு யாரும் விளக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்வி அங்கேதான் பிறந்தது.

இதற்கிடையில் எந்த எண்ணெய்க்கும் அடங்காத ஒன்று வயலில் வளர்கிறது. பன்றி நெல். 1990களில் அம்பாறை மாவட்டத்தில் இனங்காணப்பட்டது. அதுவும் நெல் இனம்தான் என்பதால் நெல்லை விட்டுவிடும் களைநாசினி அதையும் விட்டுவிடுகிறது. முந்தி முற்றி, அறுவடைக்கு முன்பே கொட்டிவிடும். அடுத்த போகம் அதுவே முளைக்கும். அதற்கு இன்றும் வழி சுத்தமான விதை, நாற்று நடுகை, கையால் பிடுங்குவது. சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்கிறோம், கைகள் மட்டும் இல்லை.

நாளை அந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லப்போகிறோம்: அது நஞ்சுதான் மகன், நஞ்சாக இருப்பதால்தான் புல் சாகிறது. வாப்பா அடிக்கும்போது கையுறை போடுகிறாரா, காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிறாரா, போத்தலை எங்கே வைக்கிறார் என்று இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்லு. நீரைப் பற்றி அடுத்த கிழமை பேசுவோம்.

உங்கள் ஊரில் கையால் புல் பிடுங்கிய உம்மாமார், ராத்தாமார் இன்னும் இருந்தால், அந்தக் காலத்தில் நாட்கூலி என்ன, ஒரு ஏக்கருக்கு எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். நாம் தொகுத்து வைக்கிறோம்.