இன்னொரு தடவை பாருங்க: மறுபார்வை கேட்ட கதை

பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை சொப்ட்போல் மெட்ச் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். அடிக்கிற டீமிலிருந்தே ஒருத்தர் அம்பயர். கெமரா இல்லை, பெரிய திரை இல்லை. ஆனாலும் ரன் அவுட் கொடுத்த உடனே, துடுப்பைக் கையில் குறுக்காக வைத்து 'டீ' எழுத்துக் காட்டுகிறான் பொடியன். நம்ம ஊர் டீ இல்ல, ஆங்கில எழுத்து டீ. "மறுபடி பாருங்க" என்று அதுக்கு அர்த்தம். எல்லாரும் சிரிக்கிறோம். எதைப் போட்டுப் பார்ப்பது?

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சைகைக்கு ஒரு வரலாறு இருக்கு. அதில் இந்தத் தீவுக்குப் பெரிய பங்கு உண்டு. மலையகத்து வம்சாவளியில் வந்த ஒரு மனிதருக்கும் உண்டு. கெமரா எப்படி வந்தது என்பதை நிறையப் பேர் எழுதியிருக்காங்க. எங்களுக்கு வேறொரு கேள்வி: தீர்ப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை யாருக்கு, எப்போது கிடைத்தது?

முதலில் 1992க்குப் போவோம். தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது அம்பயர் ஒருவர் வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தவராகச் சொல்லப்படுபவர் நம்ம நாட்டின் கிரிக்கட் எழுத்தாளர் மஹிந்த விஜேசிங்க. அந்த வருஷம் நவம்பரில் தென்னாபிரிக்காவின் டேர்பனில் இந்தியா ஆடிய டெஸ்டில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஜொன்டி ரோட்ஸின் எறியில் சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட்டா என்று கள அம்பயர் சிரில் மிச்லி கேட்க, உள்ளே இருந்த கார்ல் லீபன்பர்க் பதிவைப் பார்த்து அவுட் என்றார்.

இங்கே கேட்டது யார்? அம்பயர். அவருக்குச் சந்தேகம் வந்தால்தான் கெமரா வேலை செய்யும். ஆடுகிறவனுக்குச் சந்தேகம் வந்தால்? அவன் வாயை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். எதிர்த்துப் பேசினால் அபராதம்.

இந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு என்பதை மூன்று வருஷம் கழித்து மெல்போர்னில் உலகமே பார்த்தது. 1995 டிசம்பர் 26. அவுஸ்திரேலிய அம்பயர் டெரல் ஹெயார், பந்து வீசும் முனையில் நின்றபடி, மூன்று ஓவருக்குள் ஏழு தடவை முத்தையா முரளிதரனுக்கு 'நோ போல்' கொடுத்தார். காரணம், கையை மடக்கி எறிகிறார் என்பது. கெப்டன் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அந்த முனையில் நின்றவர் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன். முரளி மேலும் 12 ஓவர் போட்டார். ஒரு பந்துக்குக்கூட அழைப்பு வரவில்லை.

அதே கை, அதே மைதானம், அதே நாள். ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் குற்றமில்லை. கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு எவ்வளவு ஆளைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

விதியைக் கொஞ்சம் விளக்கணும். கை வளைந்திருப்பது குற்றமில்லை. பந்து வீசும் அந்த நொடியில் வளைந்த கை நிமிர்வதுதான் குற்றம். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசா நிமிராது. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் பல்கலைக்கழகம் ஒன்றிலும் அவரைப் பல கோணத்தில் படம் பிடித்து ஆராய்ந்தாங்க. நிமிர்வது போலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்றது முடிவு. அதற்குப் பிறகும் 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் மறுபடி 'நோ போல்' கொடுத்தார். ரணதுங்க மொத்த அணியையும் எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் நின்றது. மறுபார்வை கேட்க வழியில்லாத இடத்தில் ஒரு கெப்டனுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

கடைசியில் 2004இல் ஐ.சி.சி. மற்றப் பந்து வீச்சாளர்களையும் படம் பிடித்துப் பார்த்தது. அப்போதுதான் தெரிந்தது, 'சுத்தமான கை' என்று பேர் வாங்கியவர்களில் பெரும்பாலானோருக்கும் கை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. 2005 மார்ச் முதல் எல்லாருக்கும் 15 பாகை என்று ஒரே அளவு வந்தது. மெல்போர்னிலிருந்து எண்ணினால் ஒன்பது வருஷத்துக்கு மேல். 2010 ஜூலையில் காலியில் முரளி 800ஆவது விக்கட்டோடு டெஸ்டிலிருந்து விலகினார்.

முரளியின் அப்பாவுடைய அப்பா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிறகு அவர் திருச்சிக்குத் திரும்பினார். முரளியின் அப்பா இங்கேயே தங்கிக் கண்டியில் பிஸ்கட் தொழில் செய்தார். முரளியின் அரசியல் பேச்சுகளில் எங்களுக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் நிறைய. அது வேறு கட்டுரை. ஆனால் அந்த ஒன்பது வருஷம் லயத்து டீவியில் அவரைப் பார்த்த எங்க அப்பாமார், மாமாமார் பார்த்தது விளையாட்டை மட்டும் என்று எங்களுக்குத் தோணல. நீ செய்வது தப்பு என்று ஒருத்தர் தூரத்தில் நின்று சொல்லிவிட்டால், தப்பில்லை என்று நிரூபிக்கிற பாரம் முழுக்க உன் தலையில் விழும். அந்தப் பாரம் அவங்களுக்குப் புதுசு இல்ல.

இதற்கிடையில் 1997இல் இலங்கைச் சட்டத்தரணி சேனக வீரரத்ன பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வழக்கில் தோற்றவருக்கு மேன்முறையீடு இருப்பது போல, அம்பயர் தீர்ப்பால் பாதிக்கப்பட்ட ஆட்டக்காரருக்கும் மூன்றாவது அம்பயரிடம் போகும் உரிமை வேண்டும் என்பது அவர் வாதம். டீ.ஆர்.எஸ். முறையின் மூல யோசனை தன்னுடையதே என்று அவர் வாதாடி வருகிறார். அந்த உரிமை வழக்கை விடுங்க. யோசனை எங்கிருந்து வந்தது பாருங்க: நீதிமன்றத்திலிருந்து. கேள்வி கேட்பதை அது அடங்காமையாகப் பார்க்கவில்லை, நடைமுறையின் ஒரு பகுதியாகப் பார்த்தது.

அந்த உரிமை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டதும் இந்தத் தீவில்தான். 2008 ஜூலை 23, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம், இலங்கை - இந்தியா முதல் டெஸ்ட். ஒவ்வொரு அணிக்கும் ஓர் இன்னிங்ஸில் மூன்று தடவை கேட்டுத் தோற்கலாம். சஹீர் கானின் பந்தில் திலகரத்ன டில்ஷான் விக்கட் காப்பாளரிடம் பிடி கொடுத்ததாக அம்பயர் மார்க் பென்சன் விரலைத் தூக்கினார். டில்ஷான் மறுபார்வை கேட்டார். தீர்ப்பு மாறியது. அதே இன்னிங்ஸில் அவர் ஆட்டமிழக்காமல் 125 ஓட்டம். பிறகு இந்தியா ஆடும்போது, மறுபார்வையால் ஆட்டமிழந்த முதல் ஆளாக வீரேந்தர் சேவாக் எல்.பி.டபிள்யூ. ஆனார். பந்து போட்டவர் முரளி. பத்து வருஷமாக அம்பயர் தீர்ப்பு துரத்திய அதே ஆள்.

அந்தத் தொடரில் இலங்கை கேட்ட மறுபார்வைகளில் 11 வென்றன. இந்தியாவுக்கு ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு 2016 வரைக்கும் இந்தியக் கிரிக்கட் சபை இந்த முறையை ஒத்துக்கொள்ளவே தயங்கியது. பணபலம் உள்ள சபை வேண்டாம் என்றால், அந்த அணியோடு ஆடுகிற எல்லாருக்கும் உரிமை இல்லாமல் போகும். இதையும் குறித்து வைத்துக்கொள்வோம்.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்க பேஸ்போலிலும் இதே சண்டை. அங்கே அடிக்கிற இடத்திலிருந்து இரண்டு வெள்ளைக்கோடு விரிந்து போகும். கோட்டின் முடிவில் உயரமான கம்பம். பந்து கம்பத்துக்கு உட்பக்கமாக வேலியைத் தாண்டினால் ஹோம் ரன், வெளிப்பக்கமாகப் போனால் 'பவுல்', ஓட்டமே இல்லை. இருட்டில் உயரமாகப் போகும் பந்தை யார் சரியாகப் பார்ப்பது? எஸ்.எஸ்.சி. டெஸ்ட் முடிந்து ஒரு மாதம்தான், 2008 ஆகஸ்ட் 28இல், அங்கே ஹோம் ரன்களுக்குக் காணொளி மறுபார்வை வந்தது. செப்டெம்பர் 3இல் அலெக்ஸ் ரொட்ரிகஸ் அடித்த பந்து கம்பத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் முதல் வழக்கு. அம்பயர்கள் போய்ப் பார்த்துவிட்டு, ஹோம் ரன்தான் என்று உறுதிப்படுத்தினாங்க.

ஒரு வித்தியாசம் கவனிங்க. கொழும்பில் ஆட்டக்காரர் கேட்கலாம். அங்கே அம்பயர்கள் மனசு வைத்தால்தான். அதன் விலை 2010 ஜூன் 2இல் தெரிந்தது. டெட்ரொய்ட்டில் அர்மாண்டோ கலராகா என்ற வெனிசுவேலா வீரர் 26 பேரை வரிசையாக வெளியேற்றி, 27ஆவது ஆளையும் வெளியேற்றினார். அது நடந்தால் ஒரு குறையும் இல்லாத ஆட்டம், மிக அபூர்வமான சாதனை. அம்பயர் ஜிம் ஜொய்ஸ் 'சேஃப்' என்றார். மெட்ச் முடிந்து பதிவைப் பார்த்ததும் தான் சொன்னது பிழை என்று அவரே வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன். ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை, ஏனென்றால் மாற்ற வழி இல்லை. அணியின் மெனேஜர் மறுபார்வை கேட்கும் உரிமை அங்கே 2014இல்தான் வந்தது. கல்லூரி பேஸ்போலுக்கும் மறுபார்வை போய்ச் சேர்ந்தது, ஆனால் கெமரா வசதி உள்ள மைதானங்களில்தான்.

அம்பயர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை என்பதை ஜொய்ஸின் கதை சொல்லுது. நல்லவரும் பிழை விடுவார். கேட்க வழி இருக்கிறதா என்பதே விஷயம்.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். தோட்டத்து கிரவுண்டில் கெமரா இல்லாதது பெரிய குறையில்லை. ஆனால் தினமும் ஒரு தீர்ப்பு சொல்லப்படுகிற இன்னொரு இடம் இருக்கு: கொழுந்து மடுவம். தராசு ஒரு எண் காட்டும். பைக்கு ஒரு கழிவு, தண்ணிக்கு ஒரு கழிவு. மிச்சம் எழுதப்படும். குறிப்பிட்ட கிலோ வரவில்லை என்றால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த பிறகு, பேர் போடத் தேவையான கிலோ பற்றிய தகராறு பல தோட்டங்களில் கூடித்தான் போச்சு. அங்கே நிற்கிற அம்மாவோ அக்காவோ "திரும்ப நிறுத்துப் பாருங்க" என்று சொன்னால் என்ன நடக்கும்? பல இடத்தில் அது எதிர்ப்பேச்சு. அடுத்த நாள் மலை மாறும், கடினமான நிரை கிடைக்கும். அதனாலேயே பெரும்பாலானோர் கேட்பதில்லை.

டிஜிட்டல் தராசு வந்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்றாங்க. 1992இன் கதை அதற்குப் பதில். இயந்திரம் இருந்தது, ஆனால் அதைக் கூப்பிடும் அதிகாரம் தீர்ப்புச் சொல்பவரிடம் மட்டும் இருந்தது. மெல்போர்னில் பத்துக் கெமராவுக்கு முன்னால்தான் முரளி தனியாக நின்றார்.

கிரிக்கட்டிலிருந்து நாங்க எடுத்துக்கொள்ளச் சொல்வது மூன்று விஷயம். கேட்பவருக்குத் தண்டனை இருக்கக்கூடாது. கேட்டதும் எல்லார் கண் முன்னாலும் திரும்பப் பார்க்க வேண்டும். கழிவு எவ்வளவு, பேருக்கு எத்தனை கிலோ என்ற அளவு, 15 பாகை மாதிரி, முன்கூட்டியே எழுதப்பட்டு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. மடுவத்துச் சுவரில் ஒரு தாளும், சந்தேகம் வந்த பையை மறுபடி தூக்கி வைக்க ஒரு நிமிஷமும் போதும்.

சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ரூபாவோடு சேர்த்து இதையும் மேசையில் வைக்கணும். எத்தனை ரூபா என்று முடிவானாலும், அது கைக்கு வருகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தராசு முள்தான்.