பறவை செல்லும் தொலைவு

பாக்தாதுக்கும் கஸ்னிக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். ஜெட் விமானம் ஒன்று நேரே பறந்தால் மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வணிகக் கூட்டங்கள் இதனை மாதக் கணக்கில் நடந்து கடந்தன. அவ்வாறு நடந்து அளந்த தொலைவைப் பறவை செல்லும் தொலைவாக மாற்றிக் காட்டிய பேரறிஞர் அபூ ரைஹான் அல்பிரூனியைப் பற்றியே இங்கு நாம் கூற விழைகின்றோம்.

கி.பி. 973-இல் குவாரிஸ்மில் பிறந்த அவர், 1017-இல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டை வென்றபின் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். விரும்பிச் சென்றார் எனச் சொல்வதற்கில்லை. மறு ஆண்டு காபூலை அடுத்த ஒரு சிற்றூரில், கருவி ஏதும் கையில் இல்லாத நிலையில், கணக்குப் பலகையின் பின்புறத்தில் வட்டப்பகுதி வரைந்து, நூற்குண்டு கட்டிச் சூரியனின் உயரத்தை அளந்தார். இத்தகையவர் 1025-இல் (ஹிஜ்ரி 416) எழுதி முடித்த நூலே ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்’.

கஸ்னியின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதே அவர் நாட்டம். அதற்கு மக்கா, கஸ்னி ஆகிய ஈரூர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிய வேண்டும். நண்பகல் சூரியனைக் கொண்டு அட்சரேகையை அறிந்துவிடலாம். தீர்க்கரேகையோ எளிதில் பிடிபடாதது. 997-இல் ஒரே சந்திர கிரகணத்தைக் காத் நகரில் அவரும், பாக்தாதில் அபுல் வஃபாவும் நோக்கி, ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு கண்டனர். ஒரு மணிக்குப் பூமி 15 பாகை சுழல்கிறதன்றோ! ஆயினும் கிரகணம் நாம் அழைத்தபோது வருவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஓர் அபுல் வஃபா காத்திருப்பதுமில்லை.

எஞ்சியது வழிப்போக்கர் சொல். இன்ன ஊருக்கு இத்தனை ஃபர்ஸக் என்பார்கள். ஒரு ஃபர்ஸக் மூன்று மைல். ஆனால் ஒட்டகம் கிணற்றைத் தேடி வளைந்து செல்லும்; மலையைக் கண்டால் சுற்றிச் செல்லும். எனவே வழியின் கடுமைக்கேற்ப ஒரு பங்கைக் கழித்தார் பிரூனி. எஞ்சிய தொலைவையும் ஈரூர்களின் அட்சரேகைகளையும் கோளக் கணிதத்தில் இட்டுத் தீர்க்கரேகை வேறுபாட்டை வருவித்தார். ஒரு வழியோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. ரை, ஜுர்ஜானிய்யா, பல்க் என வடக்கே ஒரு சங்கிலி. ஷீராஸ், ஸிஜிஸ்தான் எனத் தெற்கே மற்றொன்று. ஒன்றின் விடையை மற்றொன்றால் சோதித்தார். அறிவிப்பாளர்களை எடைபோடும் ஹதீஸ் கலை வல்லுநரின் பாங்கையே நாம் இதில் காண்கின்றோம். ஐயத்திற்குரிய சொல்லை அவர் ஒதுக்கிவிடவுமில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை.

பாக்தாதுக்கும் கஸ்னிக்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு ஏறத்தாழ 24 பாகை. இன்றைய வரைபடமும் கிட்டத்தட்ட அதையே காட்டுகிறது. அந்த எண் கைக்கு வந்த பின்னரே, கஸ்னி மக்கள் எத்திசை நோக்கித் தொழ வேண்டும் என்பதைப் பல முறைகளில் கணித்து எழுதினார்.