அவசரகால கடன் உத்தரவாதத் திட்டம்: சுயதொழில் செய்வோருக்கு வரி உண்டா?

கொரோனா பொதுமுடக்கத்தால் பாதிக்கப்பட்ட சிறு தொழில்களுக்காக 2020 மே மாதம் மத்திய அரசு இத்திட்டத்தை அறிவித்தது. அவ்வாண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி நிலுவையிலிருந்த கடனில் 20 சதவீதம் வரை, கூடுதல் பிணையின்றிப் புதிய கடன் வழங்கப்பட்டது. மருத்துவர், வழக்குரைஞர், பட்டயக் கணக்காளர் உள்ளிட்டோர் தங்கள் பெயரில் பெற்ற தொழில் கடன்கள் ஆகஸ்ட் மாதம் சேர்க்கப்பட்டன. ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லாதோருக்கு அப்பதிவு கோரப்படவில்லை.

அரசின் உத்தரவாதம் கடன் வழங்கிய வங்கிக்கே. திருப்பிச் செலுத்தும் பொறுப்பு கடன் பெற்றவரையே சாரும். கடன் தொகை வருமானமல்ல என்பதால் அதற்கு வருமான வரி இல்லை. கணக்குப் புத்தகம் பராமரிப்போர் வட்டியைத் தொழில் செலவாகக் கழிக்கலாம். வருமான வரிச் சட்டம், 1961-இன் 44ஏடி பிரிவின்கீழ் உத்தேச வருமானம் காட்டியோருக்கு அவ்வாறு தனியே கழிக்க வழியில்லை.