நிகழ்பட ஆட்டங்களில் நிழல், நிற அமைப்புகள்

நிழல், நிற அமைப்புகள் என்பவை, நிகழ்பட ஆட்டமொன்றில் நிழல்கள் எவ்வளவு நுணுக்கமாக வரையப்படவேண்டும், இருண்ட பகுதிகளும் நிறங்களும் திரையில் எவ்வாறு தோன்றவேண்டும் என்பவற்றை ஆடுபவரே தெரிவு செய்ய உதவும் வசதிகள் ஆகும். இவை அழகு சார்ந்தவை மட்டுமே எனக் கருதப்படுவதுண்டு. எனினும், இருளில் எது தெரியும், எது தெரியாது என்பது இவற்றைப் பொறுத்தே அமைவதால், ஆட்டத்தின் கடினத்தன்மையையும் இவை மாற்றக்கூடியன.

நிழல் வரைபட முறை

இன்று பெரும்பாலான ஆட்டங்களில் பயன்படும் இம்முறையை லான்ஸ் வில்லியம்ஸ் 1978 இல் வெளியிட்டார். இதில் காட்சி முதலில் ஒளிமூலத்தின் இடத்திலிருந்து பார்க்கப்பட்டு, ஒளியை நேராகப் பெறும் பரப்புகளின் தொலைவுகள் ஒரு படமாகச் சேமிக்கப்படுகின்றன. பின்னர் ஆடுபவரின் பார்வையில் வரையும்போது, ஒரு புள்ளிக்கும் ஒளிமூலத்துக்கும் உள்ள தொலைவு சேமித்த தொலைவிலும் கூடுதலாக இருப்பின், இடையில் வேறொரு பொருள் ஒளியை மறைக்கின்றது எனக் கொண்டு, அப்புள்ளி நிழலாக வரையப்படும்.

அமைப்புப் பட்டியலில் காணப்படும் "குறைவு", "நடுத்தரம்", "உயர்வு" ஆகியவை பெரும்பாலும் இந்தப் படத்தின் அளவையே குறிக்கின்றன. ஒரு புள்ளிக்கு 32 பிட்டு எனக் கொண்டால், 1024×1024 அளவுள்ள படத்துக்கு 4 மெகாபைட்டு நினைவகம் தேவை. 4096×4096 அளவுக்கு 64 மெகாபைட்டு தேவை. அத்துடன், நிழல் தரும் ஒளிமூலம் ஒவ்வொன்றுக்கும் காட்சியை மீண்டும் வரையவேண்டும். ஆட்டம் தடுமாறும்போது முதலில் நிழலைக் குறைக்குமாறு கூறப்படுவது இதனாலேயே.

அளவு குறைந்தால் நிழலின் விளிம்பு படிக்கட்டுப்போல் தோன்றும். ஒளி படும் பரப்பு தன்மீதே நிழல் வீழ்த்திக்கொண்டு வரிவரியாகத் தெரிவதும் உண்டு. இதைத் தவிர்க்கத் தொலைவு ஒப்பீட்டில் சிறிது விலக்கம் சேர்க்கப்படும். விலக்கம் மிகுந்தால் நிழல் காலடியை விட்டு விலகி நிற்கும். தன் நிழலைப் பிரிந்த கதைச் சிறுவனின் பெயரால் இக்குறை "பீட்டர் பானிங்" எனப்படுகின்றது.

டூம் 3

ஐடி சாஃப்ட்வேர் உருவாக்கி 2004 இல் வெளியான டூம் 3, பிராங்க் குரோ 1977 இல் முன்வைத்த நிழல் கனவளவு முறையைப் பின்பற்றியது. இதில் பொருளுக்குப் பின்னால் ஒளி புகாத வெளியே ஒரு வடிவமாகக் கணிக்கப்படுவதால், படிக்கட்டு விளிம்பு தோன்றாது. ஆனால் நிழல்கள் கத்தியால் வெட்டியவைபோல் கூர்மையாக இருக்கும். கைவிளக்கையும் துப்பாக்கியையும் ஒருசேரப் பிடிக்க முடியாமையால், இருளே இவ்வாட்டத்தின் முதன்மை எதிரியாக அமைந்தது. 2012 இல் வந்த மறுபதிப்பில் விளக்கு கவசத்திலேயே பொருத்தப்பட்டது. இம்முறையின் ஒரு வடிவத்துக்குக் கிரியேட்டிவ் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தமையால், 2011 இல் மூலநிரல் வெளியிடப்பட்டபோது அப்பகுதி மாற்றி எழுதப்பட்டது.

காமா

காமா அமைப்பு முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் மாற்றாது. இடைப்பட்டவற்றை, குறிப்பாக இருண்டவற்றை, உயர்த்தும். காமா 1.5 எனில், 0.10 ஒளிர்வு ஏறத்தாழ 0.22 ஆகும்; 0.90 ஒளிர்வோ 0.93 மட்டுமே ஆகும். அளவுக்கு மீறினால் நிறங்கள் வெளிறும்.

1998 இல் வெளியான தீஃப் ஆட்டத்தில் ஆடுபவர் நிழலில் ஒளிந்து செல்லவேண்டும். காமாவை உயர்த்தினால் அவருக்கு வழி தெளிவாகத் தெரியும்; காவலரின் பார்வையோ ஆட்டத்தினுள்ளேயே கணிக்கப்படுவதால் மாறாது. பலர் எதிரெதிராக ஆடும் ஆட்டங்களில் இத்தகைய மாற்றம் நேர்மை குறித்த கேள்வியாகின்றது. அங்கே நிழலை நிறுத்துவோருக்கும் இழப்பு உண்டு: மூலையில் பதுங்கியவரை முன்னதாகக் காட்டிக்கொடுக்கும் நிழல் அவர்களுக்குத் தெரியாது.

இருள் கறுத்துப்போவதற்கு எப்போதும் காமாவே காரணமன்று. தொலைக்காட்சி 16 முதல் 235 வரையான வீச்சை எதிர்பார்க்கையில், கருவி 0 முதல் 255 வரை அனுப்பினால், 16 இற்குக் கீழுள்ளவை அனைத்தும் கறுப்பாகிவிடும். முதலில் இதைச் சரிபார்த்தல் நன்று.

நிறக்குருடு உள்ளோருக்கான அமைப்பு

வட ஐரோப்பிய வழியினரான ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளது. அணிகளைச் சிவப்பு, பச்சை எனப் பிரிக்கும் ஆட்டங்களில் இவர்கள் இடர்ப்படுவர். திரை முழுவதும் நிற வடிகட்டியை இடுவதைவிட, அணி நிறங்களை மட்டும் நீலம், செம்மஞ்சள் என மாற்றிக்கொள்ள விடுவது பயனுள்ளது.