காத்த மருந்தும் கசிந்த இரத்தமும்

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'சான் கொந்தமினே' என்ற சொற்கள் மறந்திருக்காது. மாசுபட்ட இரத்தம் என்று பொருள். பிரான்சை உலுக்கிய அந்த வழக்கைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பின் நடந்த ஒன்றை அதிகம் பேர் எழுதவில்லை. இன்று அதைச் சொல்கிறேன்.

ஹீமோஃபிலியா பரம்பரையாக வருவது. பெரும்பாலும் ஆண்களைப் பாதிப்பது. இரத்தம் உறைவதற்கான எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ இவர்கள் உடலில் குறைவு. முழங்கால், முழங்கை மூட்டுகளுக்குள் இரத்தம் கசிந்து வீங்கும். ஆயிரக்கணக்கானோர் தந்த இரத்தத்திலிருந்து காரணியைப் பிரித்துச் செறிவாக்கி ஊசியில் கொடுத்தார்கள். அத்தனை பேரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலே போதும், அந்தத் தொகுதி முழுவதும் கெட்டுவிடும்.

சூடுபடுத்தினால் கிருமி சாகும் என்பது 1984 இறுதியிலேயே தெரியும். ஆனாலும் சூடுபடுத்தாத மருந்துக்கு பிரான்சில் 1985 அக்டோபர் 1 வரை அரசுக் காப்பீடு பணம் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. கையிருப்பு மாசுபட்டது என்று தேசிய இரத்த மையத்தில் 1985 மே 29 அன்று பேசிய கூட்டக் குறிப்பை, 1991-இல் ஆன்-மரி காஸ்தரே என்ற பத்திரிகையாளர் வெளியிட்டார். மைய இயக்குநர் கரெத்தாவுக்கு 1992-இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை. கோப்பிலேயே காலம் கழித்தவன் நான். ஒரு கூட்டக் குறிப்பு எவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது 1996-க்கு வருவோம். புரோட்டியேஸ் தடுப்பான்கள் என்ற புது மருந்துகள் வந்தன: சக்வினவிர், ரிட்டோனவிர், இண்டினவிர். சாவை எதிர்பார்த்திருந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். ஆனால் அவற்றை உட்கொண்ட ஹீமோஃபிலியா நோயாளிகள் சிலருக்கு, அடிபடாமலேயே இரத்தம் கசிந்தது. தோலுக்கடியில் கட்டியது; வழக்கமாகக் கசியாத கைவிரல் மூட்டுகளிலும் கசிந்தது. காரணம் தெளிவாகப் பிடிபடவில்லை. ஆனாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை காத்திருக்கவில்லை. 1996 ஜூலையிலேயே மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மருந்துக் குறிப்பேட்டிலும் அந்த எச்சரிக்கை ஏறியது.

நோயாளிகள் என்ன செய்தார்கள்? தெரிவிக்கப்பட்ட நிகழ்வுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் மருந்து தொடரப்பட்டது, அல்லது நிறுத்தி மீண்டும் தரப்பட்டது. சிலருக்குக் கூடுதலாக எட்டாம் காரணி ஏற்றினார்கள். பத்தாண்டுக்கு முன் எந்த ஊசி வழியே கிருமி வந்ததோ, அதே ஊசிதான், இப்போது கிருமி நீக்கப்பட்டதாக, புது மருந்தைத் தாங்க அவர்களுக்குத் துணை நின்றது.

இரண்டு முறையும் அபாயம் மருந்தில் இருந்தது. முதல் முறை தெரிந்தவர்கள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். நோயாளிக்கு யோசிக்கவே வழியில்லை. இரண்டாம் முறை சில மாதங்களில் சொல்லிவிட்டார்கள். தெரிந்துகொண்டே அந்த மருந்தை விழுங்குவதா வேண்டாமா என்று நோயாளியே மருத்துவரோடு பேசி முடிவெடுக்க முடிந்தது.